அக்கி எழுதாத டாக்டரம்மா

“…மயங்கிக் கெடக்கையில அறுத்து எடுத்துரலாம், அது ஒண்ணும் பெரிய காரியமில்லட்டி. பொறவு எந்திரிச்சு மாரைத் தடவிப் பாப்பாளே, அப்ப அவ மூஞ்சியை யாரு பாக்கது? நீ பாப்பியா?”

டாக்டரம்மா என்னிடம் இப்படிக் கேட்டது சோழபுரத்தில், ஒரு சம்சாரி வீட்டு மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில். நல்ல உச்சி வெயில். ராஜபாளையம் வரை பஸ்ஸிலும் அங்கிருந்து மாட்டுவண்டியிலும் வந்து இறங்கியிருந்தோம். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்ட ஒரு பெண்ணைத் திரும்ப அழைத்துப் போகத்தான் அந்தப் பயணம். அவளுக்கு இடது மாரில் கட்டி. எடுத்தால் பிழைக்க வழி உண்டு, விட்டால் கிடையாது. ஏதாவது பொய் சொல்லிக் கூட்டிப் போய்விடலாம் என்று யோசனை சொன்னது அவளுடைய புருஷன். நானும் அதற்கு ஒத்து ஊதினேன். அதற்குத்தான் இந்தப் பதில்.

அந்த அம்மாவின் பெயரை நான் எழுதப் போவதில்லை. உயிரோடு இருந்திருந்தால் எழுத விட்டிருக்கவும் மாட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துக்குப் போகிற வழியில் ஓட்டுக் கட்டடத்தில் ஒரு சின்னப் பெண்கள் ஆஸ்பத்திரி இருந்தது. இரண்டாவது யுத்தம் வருவதற்கு முந்திய வருஷங்கள் அவை. அவர் அங்கே டாக்டர், நான் கட்டுக் கட்டுகிறவள். எனக்குப் பெரிய படிப்பெல்லாம் இல்லை. மருந்துக் குப்பியில் ஒட்டியிருக்கும் காகிதத்தை எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கவே பழகினேன். மனிதர்கள் பேசுவதைக் கேட்க மட்டும் எனக்கு எந்தக் காலத்திலும் அலுத்ததில்லை. அவர் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. அவர் என்னை ‘ஏட்டி’ என்பார், நான் ‘டாக்டரம்மா’ என்பேன்.

எப்போது பார்த்தாலும் அலுத்துப் போய்த்தான் இருப்பார். காலையில் வரும்போதே சாயங்காலம் வீட்டுக்குப் போகிறவர் மாதிரி வருவார். நாற்காலி அவருக்குத் தோதுப்படாது. மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்துகொண்டு, ஆறிப்போன காப்பியைக் குடித்தபடி, “காலு ரெண்டும் வேற யாரோடதோ மாதிரி இருக்குட்டி, அவிய வந்து கேட்டா குடுத்துருவேன்” என்பார். உட்கார்ந்த இடத்தில் கண் சொருகும். யாராவது வாசலில் நிழலாடினால் உடனே முழித்துக்கொள்வார்.

இப்படி அலுத்த மனுஷிக்கு, வேலையைக் குறைத்துக்கொள்ளத் தெரியாத ஒரு பழக்கம் இருந்தது. சொல்லாமல் யாரையும் தொட மாட்டார். கைக்குழந்தையாக இருந்தால் அதன் தாயிடம் சொல்வார். கொஞ்சம் பேச்சு வந்த குழந்தையாக இருந்தால் குழந்தையிடமே சொல்வார். “இந்தா, இங்ஙன கீறுவேன். சீழ் வரும். செத்த நேரம் எரியும். அழணும்னா அழு, கையை மட்டும் ஆட்டாத.” குழந்தை அவர் முகத்தையே பார்க்கும், கொஞ்சம் யோசிக்கும், பிறகு அழ ஆரம்பிக்கும். கம்பவுண்டர் சிரிப்பார். “நீங்க சொல்லாம இருந்தா கீறினப் பொறவுதான் அழுதிருக்கும். இப்ப ரெண்டு அழுகை.” டாக்டரம்மா சிரிக்காமல், “ரெண்டாவது அழுகை சின்னதா இருக்கும், பாருங்க” என்பார். பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது.

மார் வைத்தியத்துக்கு வருகிற பெண்களிடம்தான் இந்தப் பழக்கம் முழுசாகத் தெரியும். முதலில் அவர்கள் மார் என்றே சொல்ல மாட்டார்கள். தோளைக் காட்டுவார்கள், அக்குளைக் காட்டுவார்கள், சிலர் முதுகைக் காட்டுவார்கள். ஆஸ்பத்திரிக்கு வருகிறோமே என்று மரியாதைக்கு மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வருவார்கள். சிவந்திருப்பதும் கன்றியிருப்பதும் மஞ்சளுக்குள் மறைந்துபோகும். டாக்டரம்மா பஞ்சை நனைத்து மஞ்சளைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பார். கத்தி வைத்துத்தான் தீர வேண்டும் என்று ஆனால், அதற்கு முந்தின சாயங்காலம் அந்தப் பெண்ணைத் தட்டிக்குப் பின்னால் உட்கார வைத்து, குச்சியில் பஞ்சைச் சுற்றி ஊதா மருந்தில் தோய்த்து, மாரில் கோடு போடுவார்; நாங்கள் அதை எழுதுவது என்போம். போட்டுக்கொண்டே பேசுவார். அந்தப் பேச்சு எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்.

“இங்க பாரு தாயி, இது நடு நெஞ்செலும்பு. இதோட ஓரத்துலேருந்து ஒரு விரல் தள்ளி, விலாவுக்கு உள்பக்கமா ஒரு ரத்தக் குழாய் மேலேருந்து கீழ எறங்குது. அது பாட்டுக்கு உள்ளயே போனா எனக்குத் தொந்தரவு இல்ல. ஒவ்வொரு விலா இடுக்குலயும் ஒரு கிளையை வெளிய நீட்டுது. ரெண்டாவது இடுக்கு, மூணாவது இடுக்கு, இங்ஙன வாரதுதான் பெருசு. புள்ளைக்குப் பால் குடுக்கவளுக்கு இன்னும் கொழுத்திருக்கும். அடுத்தது அக்குள்லேருந்து வருது. பக்கமா எறங்கி வெளி ஓரத்துக்குப் போகுது. காறை எலும்புக்கு அடியிலேருந்து ஒரு கட்டைக் குழாய் வந்து பிரியுது, அதுல ஒரு கிளை இந்தப் பக்கம். முதுகுலேருந்து வாரது தனி. அது ஒவ்வொரு விலாவோட அடி ஓரத்துலயும் ஒளிஞ்சு ஒளிஞ்சு முன்னால வரும். பின்னால வாரதும் முன்னால வாரதும் விலா இடுக்குல கை கோத்துக்கிடும். ஒண்ணைக் கட்டினா இன்னொண்ணு ஊட்டும். ஒனக்கு நல்லதும் அதுதான், எனக்குக் கஷ்டமும் அதுதான்.”

ஒரு சம்சாரிப் பெண் இதை முழுசும் கேட்டுவிட்டு, “எங்க வயலுக்கு ஒத்தை மடைதான். இதுக்கு நாலு பக்கமும் மடையா?” என்றாள். டாக்டரம்மாவுக்கு அன்றைக்கு முகமெல்லாம் மலர்ந்துபோனது. “அதேதான். நாலையும் அடைச்சாத்தான் நான் வரப்பை வெட்ட முடியும்” என்றார். அந்தப் பேச்சை ஒரு வாரத்துக்கு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ராஜபாளையத்திலிருந்து பருத்தி ஜின்னிங் பாக்டரி முதலாளி ஒருவர் மனைவியைக் கூட்டி வந்திருந்தார். பால் கட்டி உள்ளே சீழ் வைத்துவிட்டது. “அதெல்லாம் அவகிட்ட எதுக்குங்கம்மா? எங்கிட்டச் சொல்லுங்க, போதும்” என்றார் அவர்.

“ஒங்க பாக்டரியில மிஷினைக் கழட்டணும்னா பிட்டர் யாருகிட்ட வந்து சொல்லுவான்?”

“எங்கிட்டத்தான். மிஷின் என்னுதுல்லா.”

“அதான். இது அவியளோடது.”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மாள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். மாராப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் என்பதற்கு அவர்கள் பாஷையில், “வத்தும்மா, வத்து” என்றார். டாக்டரம்மா குச்சியைக் கீழே வைத்துவிட்டார். “வத்துன்னா எனக்கும் தெரியும். செத்த நேரம் கழிச்சுக் கேப்பேன்.” கழித்துக் கேட்டார். மறுபடியும் கேட்டார். மறுநாள் காலையில் கேட்டார். கடைசியில் அந்த அம்மாள் என்னைக் கூப்பிட்டு, “கத்தியைக்கூடத் தாங்கிருவேன், இந்தம்மா கேக்குத கேள்வியைத் தாங்க முடியல. எழுதச் சொல்லுங்க” என்றார்.

பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய், பால் வற்றுவதற்காக மல்லிகைப் பூவை மாரில் வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கட்டை அவிழ்த்தால் வீங்கிக் கல்லாகக் கிடக்கிறது. டாக்டரம்மா பூவை எடுத்து எறியவில்லை. “பூ இருக்கட்டும், கட்டை மட்டும் தளத்தி வை” என்றார். அவள், “இன்னும் ஏன் ஊறுது? யாருக்கு ஊறுது?” என்று கேட்டாள். டாக்டரம்மா அவள் நெஞ்செலும்பின் ஓரத்தில் விரலை வைத்து, “இந்த வழியா ரத்தம் வருது. அதுலேருந்துதான் பால். புள்ளை போயிருச்சுன்னு ரத்தத்துக்கு யாரும் சொல்லல தாயி. கொஞ்ச நாள் அதுபாட்டுக்கு வந்துக்கிட்டுதான் இருக்கும்” என்றார். அந்தப் பெண் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். அதுவரை அழவே இல்லை என்று அவளோடு வந்தவர்கள் பிற்பாடு சொன்னார்கள்.

இப்படிச் சொல்லிச் சொல்லி நல்லதுதான் நடந்தது என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஆலங்குளத்துப் பக்கத்திலிருந்து ஒருத்தி வந்தாள். மாரில் கட்டி, அக்குளிலும் நெறி கட்ட ஆரம்பித்திருந்தது. டாக்டரம்மா ஒன்று விடாமல் சொன்னார். அவளும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். விடிந்ததும் புருஷனைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அறுவடையெல்லாம் முடிந்த பிறகு புண் வெடித்துத் திரும்பி வந்தாள், எங்கள் கட்டிலிலேயே போய்ச் சேர்ந்தாள். கம்பவுண்டருக்கு மனசு கேட்கவில்லை. “நீங்க வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா அவ இருந்திருப்பா” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். டாக்டரம்மாவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். “இருந்திருப்பா” என்று மட்டும் சொன்னார். எழுந்து அடுத்த கட்டிலுக்குப் போனார். “இங்க பாரு தாயி” என்று ஆரம்பித்தார்.

இனி அக்கிக்கு வருகிறேன். அக்கி என்பது உடம்பில் கொத்துக் கொத்தாகக் கொப்புளித்து எரிகிற நோவு. எங்கள் பக்கத்தில் அதற்கு வைத்தியம், குயவர் வீட்டுக்குப் போய்க் காவி மண்ணால் அதன்மேல் எழுதிக்கொண்டு வருவது. எழுதுகிறவர் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே எழுதுவார். மூன்று தடவை எழுத வேண்டும். அதுவரை குளிக்கக் கூடாது, கோடு அழியக் கூடாது. எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து குணமான பெண்களுக்கு, அறுத்தது மயக்கத்தில் நடந்து முடிந்துவிட்டது. கண்ணால் பார்த்தது எழுதினதைத்தான். ஊருக்குப் போய் அதைத்தான் சொன்னார்கள். மெல்ல மெல்ல ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. இடுப்பில் அக்கி வந்த ஒருத்தி வந்து நின்று, “குயவரு காவியில எழுதுதாரு. நீங்க ஊதாவுல எழுதுதீகளாம்லா, அது வெரசாக் கேக்குமாம்” என்றாள். டாக்டரம்மா அவளுக்கு எண்ணெய் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டு, “பாத்தியாட்டி, எல்.எம்.பி.ன்னு டாக்டருக்குப் படிச்சு வந்து குயவர் பொழப்புல கை வச்சுட்டேன்” என்றார். நாங்கள் சிரித்தோம்.

சோழபுரத்துப் பெண் வந்தபோது அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

முப்பது வயசு இருக்கும். அதிகம் பேசாதவள். கடைக்குட்டிப் பெண் பிள்ளை நடக்கிற வயசு வந்தும் இன்னும் பால் மறக்கவில்லை. மஞ்சளைத் துடைத்துப் பார்த்த டாக்டரம்மா, கட்டியின் மேல் தோல் உள்ளே இழுத்திருப்பதை என்னிடம் கண்ணால் காட்டினார். அக்குளில் இன்னும் ஒன்றும் இல்லை. “இப்பவே எடுத்தாப் பொழச்சுக்கிடுவா” என்றார். மறுநாள் சாயங்காலம் எழுதினார். வழக்கத்தைவிட நிதானமாகச் சொன்னார். அவள் இமை தட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். விடிந்து பார்த்தால் கட்டில் காலி. போர்வை மடித்து வைத்திருந்தது. டாக்டரம்மா அந்தப் போர்வையைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். வருவாள் வருவாள் என்று சில நாள் பார்த்தோம். ஒரு காலையில் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு, “ராஜபாளையத்துக்கு அடுத்த பஸ்ஸு எப்பட்டி?” என்று கேட்டார்.

நாங்கள் பயந்தபடி அவள் ஓடி ஒளியவில்லை. முற்றத்தில் பருத்தி பிரித்துக்கொண்டிருந்தவள், எங்களைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து வந்தாள். “வாங்க, வாங்க. ரெண்டாம் எழுத்துக்கு வந்தீகளா? நானே வரணும்னுதான் இருந்தேன், பருத்தி விடமாட்டேங்குது. கொறைஞ்சிருக்கு டாக்டரம்மா. குளிக்கவே இல்ல, பாருங்க.” மாராப்பை விலக்கிக் காட்டினாள். ஊதாக் கோடு மங்கிப்போய் அப்படியே இருந்தது.

டாக்டரம்மா மெதுவாகக் கேட்டார். “அன்னைக்கு நான் அம்புட்டு நேரம் சொன்னேனே, ஒனக்குக் கேக்கலியா?”

“கேட்டுது. எம்புட்டு அழகாச் சொன்னீக. குயவரு வாய்க்குள்ளயே முணுமுணுப்பாரு, நீங்க சத்தமாச் சொன்னீக. மந்திரம் எனக்குப் புரியணுமா என்ன?”

நான் டாக்டரம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. அவருக்கு இருந்ததெல்லாம் அந்தப் பேச்சு ஒன்றுதான். அதை அவள் மந்திரமாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அவளுடைய புருஷன்தான் எங்களைத் தொழுவத்துப் பக்கம் கூப்பிட்டுக்கொண்டு போனார். அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. “அறுக்கணும்னு சொன்னா அவ வரமாட்டா. நீங்க எழுத வந்ததாவே இருக்கட்டும். ஆஸ்பத்திரியில வச்சுத்தான் எழுதணும்னு சொல்லிருங்க. அங்ஙன வந்த பொறவு மயக்கிப் போட்டு…” என்றவர் மேலே சொல்லாமல் மாட்டின் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

“அவிய சொல்லுததும் சரிதான் டாக்டரம்மா. ஆலங்குளத்துக்காரி கதையா ஆயிரப்பிடாது” என்றேன் நான்.

அப்போதுதான், அவள் எழுந்து மாரைத் தடவிப் பார்க்கும்போது அந்த முகத்தை நீ பார்ப்பாயா என்று என்னைக் கேட்டார். டாக்டரம்மா சேலைத் தலைப்பால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு முற்றத்துக்குத் திரும்பிப் போனார்.

“கொஞ்சம் வென்னி வையி தாயி. சீயக்காயும் எண்ணெயும் எடு.”

கொல்லையில் ஓலைத் தட்டி மறைவில் அவளை உட்கார வைத்தார். கோட்டின்மேல் எண்ணெயைத் தடவி, சீயக்காய் போட்டுத் தன் கையாலேயே தேய்த்தார். அவள் பதறிப்போய்க் கையைப் பிடித்தாள். “அழிக்காதீக டாக்டரம்மா, அழிச்சா ஏறிரும்.”

“நான் எழுதினது, நானே அழிக்கேன். ஒனக்கு ஒண்ணும் வராது.”

ஊதா லேசில் போகவில்லை. தேய்த்துத் தேய்த்து, தண்ணீர் ஊற்றி ஊற்றி, கடைசியில் தோலின் நிறம் வந்தது. துண்டால் ஒற்றிவிட்டு, அவள் கையை எடுத்துக் கட்டியின்மேல் வைத்தார்.

“கோடு இருக்கா?”

“இல்ல.”

“கட்டி?”

அவள் விரலால் அமுக்கிப் பார்த்தாள். “இருக்கு” என்றாள். பிறகு, “அப்ப எதுக்குத்தான் எழுதினீக?” என்று கேட்டாள்.

“அது எனக்கு. எனக்கு வழி தப்பிரக் கூடாதுன்னு.”

“ஒங்களுக்குத் தெரியாத வழியா?”

“தெரியும். பயம். ஒவ்வொரு தடவையும் பயம்.”

பிறகு டாக்டரம்மா சொன்னது கொஞ்சந்தான். குழாயும் இல்லை, விலா இடுக்கும் இல்லை. “இதை அறுக்கணும். மாரு இருக்காது. இந்தப் பக்கம் தட்டையா, தழும்பா இருக்கும். கையைத் தூக்கச் செத்த நாளு கஷ்டப்படுவ. அறுக்காட்டி இது வளரும். அறுத்தாலும் திரும்பி வராதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது.”

“புள்ளைக்கு?”

“அந்தப் பக்கம் இருக்குல்லா.”

“அவ இந்தப் பக்கந்தான் கேப்பா” என்றாள் அவள்.

அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கதவு சாத்திக்கொண்டது.

“வரமாட்டா. நாந்தான் அப்பவே சொன்னேன்லா” என்றார் புருஷன்.

“வராட்டியும் தெரிஞ்சுல்லா வராம இருக்கா” என்றார் டாக்டரம்மா. அந்தக் குரலில் தெம்பே இல்லை. ஈரக் கையோடு போய் வண்டியில் ஏறினார். வண்டிக்காரர் மாட்டைப் பூட்டப் போனார். “பொறுங்க” என்றார் டாக்டரம்மா. அவர் அப்படிச் சொன்னது எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டாமா?

வெயில் சாய ஆரம்பித்த பிறகு கதவு திறந்தது. கையில் ஒரு துணி மூட்டை, இடுப்பில் பிள்ளை. மூட்டையை என்னிடம் நீட்டிவிட்டு, ஏறி டாக்டரம்மாவுக்கு இடப்பக்கத்தில் உட்கார்ந்தாள். புருஷன் வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தார். ஊர் எல்லையைத் தாண்டினோம். பிறகு அவளே கேட்டாள்.

“அந்த மயக்க மருந்து கசக்குமா?”

“கசக்காது. அதைக் குடிக்கச் சொல்ல மாட்டேன். மூக்குமேல துணி வச்சு ரெண்டு மூணு சொட்டு விடுவோம். வாடை ஒரு மாதிரி இனிப்பா இருக்கும். கொஞ்ச நேரம் மூச்சு முட்டுத மாதிரி தோணும், ஆனா முட்டாது. பொறவு நான் மொதல்ல, நெஞ்செலும்பு ஓரத்துல, அந்த ரெண்டாவது இடுக்குல…”

டாக்டரம்மா அவளுடைய வலது தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிப் போனார்.